திரைப்படங்களை வைத்து வரும் கேம்கள் ஏன் இவ்வளவு மோசமாக இருக்கின்றன? வெளியிடும் முன் யாரும் விளையாடிப் பார்ப்பதே இல்லையா?

விளையாடிப் பார்க்கிறார்கள். நானே பார்த்திருக்கிறேன். சம்பளம் வாங்கிக்கொண்டு, ஒரே லெவலை ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை என்று ஏழு மாதம் பார்த்தேன்.

படம் பிடித்துப்போய், அந்தச் சூடு ஆறுவதற்குள் கேமை வாங்கியிருப்பீர்கள். இரண்டாவது லெவலிலேயே ஹீரோ பாதி உடம்போடு சுவருக்குள் மாட்டிக்கொண்டு நின்றிருப்பான். உடனே வந்து இந்தக் கேள்வியை எழுதியிருப்பீர்கள். கோபம் நியாயம்தான். ஆனால் அந்தச் சுவர் எங்களுக்கு முன்பே தெரியும்.

நான் வேலை பார்த்த கேமின் பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பெரிய தொடர் படம் ஒன்றின் அடுத்த பாகம் என்பது போதும். பப்ளிஷர், அதாவது கேமை வெளியிடும் கம்பெனி, படக் கம்பெனியிடம் லைசென்ஸ் வாங்கி, கேமைச் செய்யும் வேலையை ஒரு ஸ்டுடியோவிடம் ஒப்படைத்திருந்தது. அங்கே நான் ஒப்பந்த டெஸ்டர்.

லைசென்ஸுக்கு முதலிலேயே ஒரு பெருந்தொகையைக் கட்ட வேண்டும். கேம் விற்காவிட்டாலும் அது திரும்பி வராது. நன்றாக விற்றால் அதற்கு மேலும் பங்கு கொடுக்க வேண்டும். இவ்வளவையும் கொட்டிய பப்ளிஷர், படத்தின் விளம்பரம் எல்லாத் திரையிலும் ஓடும் அதே வாரத்தில் கேமும் கடையில் இருக்க வேண்டும் என்றுதான் நினைக்கும். நான் அவர்களுக்கு வக்காலத்து வாங்கவில்லை, கணக்கைச் சொல்கிறேன். தேதியைப் படம் முடிவு செய்துவிடுகிறது, கேம் அதற்குள் அடங்க வேண்டும். இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. டிஸ்க் அச்சடிக்கவும், கன்சோல் (டிவியோடு இணைத்து விளையாடும் பெட்டி) செய்யும் கம்பெனியின் சோதனையைத் தாண்டவும் வாரக்கணக்கில் ஆகும். அதனால் படத்தின் எடிட்டிங் முடிவதற்குள் கேம் முடிந்திருக்க வேண்டும்.

எங்கள் கேமில் ஒரு பாலத்தின் மேல் சண்டை இருந்தது. திரைக்கதையில் இருந்ததால் செய்தோம். ஆறு வாரம். சத்தியமாகச் சொல்கிறேன், கேமிலேயே நன்றாக வந்திருந்த இடம் அதுதான். அப்புறம் ஒரு நாள் படத்திலிருந்து அந்தக் காட்சியை வெட்டிவிட்டார்கள் என்று தகவல் வந்தது. படத்தில் இல்லாதது கேமில் இருக்கக் கூடாதாம். பாலம் போனது. அதற்கு முன்னால் இருந்த கிடங்கையும் பின்னால் இருந்த சுரங்கத்தையும் நேராக ஒட்டினார்கள். ஒட்டிய இடத்தில் ஒரு சுவர் வந்தது. இடது மூலையில் குனிந்துகொண்டு போனால் ஹீரோ அதற்குள் போய்விடுவான், வெளியே வர மாட்டான்.

பத்துக்குப் பத்து தடவை நடந்தது. வீடியோவோடு பக், அதாவது பிழை அறிக்கை, எழுதினேன். ‘சரிசெய்யப்போவதில்லை’ என்று மூடப்பட்டுத் திரும்பி வந்தது. மறுபடி திறந்தேன், மறுபடி மூடினார்கள். மூன்றாவது தடவை தயாரிப்பு மேற்பார்வையாளர் என் நாற்காலிக்கே வந்து, அந்த இடத்தைத் தொட்டால் ஸேவ் (விட்ட இடத்திலிருந்து தொடரச் சேமித்து வைப்பது) உடைகிறது, ஸேவ் உடைந்தால் கன்சோல் சோதனையில் தோற்றுவிடுவோம், ஹீரோ மாட்டினால் தோற்க மாட்டோம் என்று பொறுமையாக விளக்கினார். நல்ல மனிதர். மூன்று நாளாக வீட்டுக்குப் போகாதவர் மாதிரி இருந்தார்.

அதே மாதத்தில் ஹீரோவின் முடி மூன்று தடவை திரும்பி வந்ததையும் சொல்லியாக வேண்டும். லைசென்ஸ் கேமில் வரும் ஒவ்வொரு உருவத்தையும் உரிமையாளர் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். நடிகரின் முகத்துக்கு ஓர் அனுமதி, குரலுக்கு இன்னோர் அனுமதி. எங்களுக்கு முகம் கிடைத்தது, குரல் கிடைக்கவில்லை. முடியை அனுப்பினால் பதில் வர பத்து நாள். ‘நெற்றி கொஞ்சம் ஏறித் தெரிகிறது’ என்று ஒரு தடவை, ‘ஈரமாகத் தெரிகிறது’ என்று இன்னொரு தடவை. சுவருக்கு இல்லாத நேரம் முடிக்கு இருந்தது.

கேம் வந்த அன்று முதல் விமர்சனத்தைப் படித்தேன். ‘இதை ஒருவராவது விளையாடிப் பார்த்தார்களா?’ கிட்டத்தட்ட உங்கள் வார்த்தைகள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இது புதிய கதையும் இல்லை. 1982இல் அட்டாரி என்ற கேம் கம்பெனி ‘ஈ.டி.’ படத்தின் உரிமையை இரண்டு கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியதாகச் சொல்வார்கள். கிறிஸ்துமஸுக்குள் கடைக்கு வர வேண்டும் என்பதால் கேமைச் செய்த ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவுக்குக் கிடைத்தது ஐந்து வாரம். அவர் ஒன்றும் கத்துக்குட்டி இல்லை, ‘யார்ஸ் ரிவெஞ்ச்’ என்ற வெற்றிக் கேமைச் செய்தவர். விற்காத கேட்ரிட்ஜ்களை (அந்தக் காலத்தில் கேம் வந்த பெட்டிகளை) அடுத்த வருடம் அமெரிக்காவில் நியூ மெக்சிகோவின் அலமொகோர்டோவில் புதைத்ததும், 2014இல் தோண்டி எடுத்ததும் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை. எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

‘அப்படியானால் ஜேம்ஸ் பாண்ட் படத்தை வைத்து வந்த கோல்டன்ஐ நன்றாக இருந்ததே?’ என்று கீழே யாராவது கேட்பார்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். படம் வந்தது 1995 நவம்பரில், ரேர் என்ற ஸ்டுடியோ செய்த கேம் வந்தது 1997 ஆகஸ்டில். கிட்டத்தட்ட இரண்டு வருடம் தாமதமாக வர விட்டார்கள், 80 லட்சம் பிரதிகள் விற்றது. நண்பர்கள் நால்வர் ஒரே திரையில் சுட்டுக்கொள்ளும் பகுதியே கடைசிக் காலத்தில் சேர்த்ததுதான். எங்களுக்கு யாராவது அப்படி நேரம் கொடுத்திருந்தால் பாலமாவது மிஞ்சியிருக்கும். சரி, ‘ஸ்பைடர்மேன் 2’ 2004இல் படத்தோடு சேர்ந்து வந்தும் நன்றாகத்தானே இருந்தது என்றால், ஒப்புக்கொள்கிறேன். நகரம் முழுக்க வலையில் ஆடிப் போகும் ஒரே விஷயத்தை ஒழுங்காகச் செய்திருந்தார்கள். 2013இல் வந்த ‘ஏலியன்ஸ்: கலோனியல் மரைன்ஸ்’ எந்தப் படத் தேதியையும் துரத்தவில்லை, ஆனாலும் சொதப்பியது என்றால் அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு கோப்பில் ஆங்கிலச் சொல் ஒன்றில் ஓர் எழுத்து கூடுதலாக விழுந்திருந்தது, அதை நீக்கியதும் எதிரிகள் கொஞ்சம் புத்தியோடு நடந்துகொண்டார்கள் என்று 2018இல் செய்தி வந்தது. அந்த டெஸ்டர்களும் ‘ஏலியன்கள் முட்டாள்தனமாக ஓடுகின்றன’ என்று எழுதி, அது மூடப்பட்டுத் திரும்பி வந்திருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கேமின் முடிவில் பெயர்ப்பட்டியல் பதினோரு நிமிடம் ஓடும். பப்ளிஷரின் வக்கீல்கள் இருக்கிறார்கள், விளம்பரப் பிரிவு இருக்கிறது. கேம் தயாரான காலத்தில் ஊழியர்களுக்குப் பிறந்த குழந்தைகளின் பெயரையும் போடும் வழக்கம் இந்தத் தொழிலில் உண்டு, ஐந்து குழந்தைகள் இருக்கிறார்கள். ஒப்பந்த டெஸ்டர்கள் பதினான்கு பேருக்கும் சேர்த்து, எங்களை அனுப்பிய ஏஜென்சியின் பெயர் ஒரு வரி. குழந்தைகள் மேல் எனக்குக் கோபமில்லை, நன்றாக இருக்கட்டும். ஆனால் அந்த லெவலை அவர்கள் யாரும் ஒரு தடவைகூட ஆடியதில்லை.

இப்போது அந்தக் கேம் இணையக் கடைகளிலும் இல்லை. லைசென்ஸ் காலம் முடிந்தால் பப்ளிஷர் விற்பனையை நிறுத்தியாக வேண்டும். ஆக்டிவிஷன் என்ற பப்ளிஷரின் ஜேம்ஸ் பாண்ட் கேம்கள் 2013 தொடக்கத்தில் ஸ்டீம் என்ற இணையக் கடையிலிருந்து இப்படித்தான் காணாமல் போயின, ‘டெட்பூல்’ 2017இல் போனது. என்னிடம் ஒரு டிஸ்க் இருக்கிறது. போன வருடம் போட்டுப் பார்த்தேன். கிடங்கு, இடது மூலை, குனிந்தேன். மாட்டிக்கொண்டான்.

உங்களுடையது வேறு கேமாகத்தான் இருக்கும். இருந்தாலும் சுவருக்குள் போய்விட்டால் மெனுவில் கடைசிச் செக்பாயிண்டை (கேம் தானாகச் சேமித்து வைத்த இடத்தை) லோட் செய்து பாருங்கள். எங்களுடையதில் அது வேலை செய்தது. மறுபடி அந்த இடத்துக்கு வரும்போது குனியாமல் வலப்பக்கமாகப் போங்கள்.