மழைல கெடக்குற பூட்டு, உப்புக்காத்துல தொங்குற சங்கிலி: கேள்வி-பதில்

இந்த தடவ பூட்டு பத்தியே அஞ்சாறு கேள்வி வந்துட்டு. ஐப்பசி நெருங்குதுல்லா, அதான் போல. எல்லாத்தையும் ஒண்ணா சேத்து பதில் சொல்லுதேன், ஒருத்தருக்கு சொன்னது இன்னொருத்தருக்கும் ஆகும்.

கேள்வி: அண்ணாச்சி, எங்க வீடு உவரில, கடலுக்கு கூப்பிடு தூரந்தான். கேட்டுக்கு போடுத பூட்டு ஆறு மாசம் தாங்க மாட்டேங்கு. போன வருசம் மட்டும் ரெண்டு பூட்டு, சாவி உள்ள போகும், ஆனா திரும்பாது, கடைசில ஆக்சா பிளேடு வச்சு அறுத்தோம். மழையே இல்லாத மாசி பங்குனிலயும் துரு பிடிக்கு, அதான் புரியல. நல்ல பெரிய பூட்டா வாங்கினா சரியாயிருமா?

பெருசா வாங்கினா பெருசா துருப்பிடிக்கும் தம்பி, அம்புட்டுதான்.

துருவுக்கு மழைதான் வேணும்னு இல்ல. கடக்காத்துல வர்ற உப்பு பொடிப்பொடியா பூட்டு மேல படியும், அந்த உப்பு காத்துல உள்ள ஈரத்த இழுத்து வச்சுக்கிடும். அடுக்களைல உப்பு ஜாடிய மூடாம வச்சா நசநசன்னு ஆயிருமே, அதே கததான் இங்கயும். காத்துல ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினா உப்பு தானா கசிஞ்சு கரைய ஆரம்பிச்சிரும், கடக்கரைல ராத்திரிக்கு அது சாதாரணமா தாண்டும். அப்போ உங்க பூட்டு தெனமும் ராத்திரி பூரா உப்புத்தண்ணில நனைஞ்சுகிட்டுதான் தொங்குது, நீங்க காலைல பாக்கும்போது காஞ்சு போயி ஒண்ணும் தெரியாத மாதிரி இருக்கும்.

இன்னொண்ணு சொன்னா நம்ப மாட்டீங்க, மழை உங்களுக்கு தொணைதான். மழ பெஞ்சா வெளிய படிஞ்ச உப்பு கழுவிட்டு போகும். மழையே படாம சன்ஷேடுக்கு அடில தொங்குற பூட்டுலதான் உப்பு சேந்துகிட்டே போகும், கழுவ ஆளே இல்ல. மாசி பங்குனில துரு பிடிக்குதேன்னு கேட்டீங்கல்லா, காரணம் அதான். அதனால வாரத்துக்கு ஒருக்க ஒரு செம்பு நல்ல தண்ணிய பூட்டு மேலயும் சங்கிலி மேலயும் ஊத்தி விடுங்க. உப்புத்தண்ணி போர் தண்ணிய ஊத்தக்கூடாது, குடிதண்ணி. ஊத்திட்டு ஒரு உதறு உதறி துணியால தொடச்சா போதும். பைசா செலவில்லாத வைத்தியம், ஆனா யாரும் செய்ய மாட்டாங்க.

சரி, என்ன வாங்க? ஒடம்பு முழுப் பித்தளையா, வளைஞ்ச கம்பி (கடைல ஷேக்கிள்னு கேளுங்க) ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா உள்ள பூட்டு வாங்குங்க. பித்தளைல செவப்பு துரு வராது, கொஞ்சம் பச்ச பூக்கும், அது பரவால்ல. ஆனா கடைல கெடைக்கிற பித்தள பூட்டுல பெரும்பாலும் கம்பி மட்டும் இரும்புல குரோம் முலாம் போட்டதா இருக்கும். பாக்க பளபளன்னு இருக்கும், ஆனா முலாம்ல கண்ணுக்கு தெரியாத பொத்தல் உண்டு, உப்பு அது வழியா உள்ள போயி புள்ளிப் புள்ளியா செவக்கும். அப்புறம் கம்பி பூட்டுக்குள்ள எறங்குற ஓட்டைல துரு ஊதி இறுக்கிப் பிடிச்சிக்கிடும். ஒங்க பூட்டு ரெண்டும் அப்பிடித்தான் போயிருக்கும்னு நெனைக்கேன். உள்ள இருக்கிற ஸ்பிரிங்கு எதுல செஞ்சதுன்னும் அட்டைல போட்டிருந்தா பாருங்க, இரும்பு ஸ்பிரிங்குன்னா மேல எவ்வளவு பித்தள இருந்தும் பிரயோசனம் இல்ல. ஸ்டெயின்லெஸ்லயும் 304, 316னு ரெண்டு சொல்லுவாங்க. 316ல மாலிப்டினம் 2-லேர்ந்து 3 சதவீதம் சேக்காங்க, உப்ப தாங்குறது அதான். கடலுக்கு இவ்வளவு பக்கத்துல இருக்கிற ஒங்களுக்கு 316 கெடச்சா கூட கொஞ்சம் காசு போனாலும் எடுங்க.

சாவி போடுத ஓட்டை கீழ பாத்து தொங்கணும். பூட்டோட அடில ஒரு சின்ன ஓட்டை இருந்தா அது தண்ணி வடியுறதுக்கு, அத அடைக்கக்கூடாது. நான் ஒருக்க கேட்டுக்கு பெயிண்ட் அடிக்கும்போது அழகா இருக்கட்டுமேன்னு பூட்டுக்கும் சேத்து ரெண்டு கோட்டு அடிச்சேன், கார்த்திகைல சாவி போட்டா உள்ளருந்து காவித்தண்ணி வடியுது. பிளாஸ்டிக் கவர கட்டி விடுறதும் இதே மாதிரி தப்புதான். பகல்ல வேத்து உள்ளயே தண்ணி கோத்துக்கிடும். மூடணும்னா பழைய சைக்கிள் டியூப்ப ஒரு சாண் வெட்டி மேல இருந்து முந்தான மாதிரி தொங்க விடுங்க, அடிப்பக்கம் தெறந்து கெடக்கணும்.

கேள்வி: திசையன்வெளை பக்கம் செம்மணல் தேரிக்காட்டுல எங்க தோட்டம். பூட்டுக்கு தேங்காண்ணெய் விட்டு விட்டு இப்ப சாவியே நொழைய மாட்டேங்கு. என்ன எண்ணெய் விடணும்?

தேங்காண்ணெய் தலைக்குத்தான். கொஞ்ச நாள்ல காத்து பட்டு பிசினா மாறிரும், எறும்பு வேற வரும். வெளக்கெண்ணெய் அதவிட மோசம், ஏற்கனவே கெட்டி. வண்டில இருந்து வடிச்ச பழைய என்ஜின் ஆயில விடுறவங்களும் இருக்காங்க, அதுல கரியும் அமிலமும் கெடக்கு, அத பூட்டுக்குள்ள விட்டா நாமளே வெசம் வச்ச மாதிரி.

பொதுவா எல்லா ஊருக்கும் தையல் மிஷின் ஆயில் போதும். சாவித்தொளைல ரெண்டு சொட்டு, கம்பி எறங்குற ரெண்டு ஓட்டைலயும் ஒவ்வொரு சொட்டு, சாவிய பத்து தடவ உள்ள வெளிய ஆட்டிட்டு சாவில ஒட்டி வர்ற அழுக்க தொடச்சிரணும். கிரீஸ் சாவித்தொளைக்குள்ள வேண்டாம், வெளிய சங்கிலிக்கும் நாதாங்கிக்கும் தடவுனா நல்லது.

ஆனா ஒங்க ஊர் கத வேற. ஆடிக்காத்துல அந்த செம்மண் பறக்கிற பறப்பு இருக்கே, எண்ணெய் இருக்கிற எடத்துலல்லாம் மாவு மாதிரி ஒட்டி கொழகொழன்னு ஆயிரும். அங்க எண்ணெய் கூடாது, கிராஃபைட் பொடி இல்லன்னா காஞ்சு போற டெஃப்லான் ஸ்பிரே அடிங்க. அவசரத்துக்கு பென்சில் ஊசிய சொரண்டி சாவில தடவி போடலாம், பள்ளிக்கூட வித்ததான், வேல செய்யும். மொதல்ல பழைய தேங்காண்ணெய் பிசின மண்ணெண்ணெய் விட்டு கழுவி நல்லா காய வச்சிருங்க, ஈரத்துலயும் எண்ணெய்லயும் கிராஃபைட் போட்டா சகதி ஆயிரும்.

இத படிச்சிட்டு உவரி தம்பி கிராஃபைட் வாங்கிரக்கூடாது. உப்புத்தண்ணி இருக்கிற எடத்துல கிராஃபைட்டும் இரும்பும் ஒண்ணா இருந்தா பேட்டரி மாதிரி ஆகி இரும்ப இன்னும் சீக்கிரம் தின்னும். கடக்கரைக்கு எண்ணெய், தேரிக்கு பொடி.

டபிள்யூடி-40 பத்தியும் ரெண்டு பேரு கேட்ருக்காங்க. 1953ல அமெரிக்கால கண்டுபிடிச்சது, தண்ணிய வெளிய தள்ளுறதுக்கு 40-வது தடவ செஞ்சு பாத்த கலவைங்கிறதால அந்த பேரு. பேர்ல சொன்ன வேலைய நல்லா செய்யும், இறுகினத எளக்கும், தண்ணிய தள்ளும். ஆனா கொஞ்ச நாள்ல காஞ்சு போயிரும். அத அடிச்சிட்டு வேல முடிஞ்சதுன்னு விட்றாம மேல ஒரு சொட்டு மிஷின் ஆயில் விடணும்.

கேள்வி: சங்கிலி வாங்கப் போனா ஒரு கடைல பளபளன்னு இருக்கு, இன்னொரு கடைல சாம்பல் கலர்ல மொரமொரன்னு அசிங்கமா இருக்கு, அதுக்கு வெல ஜாஸ்தி சொல்லுதாங்க. ரெண்டும் ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) தானாம். எது?

அசிங்கமா இருக்கிறதுதான். பளபளப்பா இருக்கிறது மின்சாரத்துல துத்தநாக முலாம் போட்டது, தடிமன் தலமுடில பத்துல ஒரு பங்கு வந்தா பெருசு, வெளிய மழைல ஒரு ரெண்டு மழைக்காலம் பாக்குமோ என்னமோ. சாம்பல் கலர்ல இருக்கிறது உருக்கின துத்தநாகத்துல முக்கி எடுத்தது, ஹாட் டிப்னு சொல்லுவாங்க, அதுல பூச்சு பல மடங்கு தடிமன். துத்தநாகம் தான் கரைஞ்சு இரும்ப காப்பாத்தும், அதனால பூச்சு எவ்வளவு தடிப்போ அவ்வளவு வருசம். நீளத்துக்கு வெட்டி வாங்கும்போது வெட்டின முனைல பூச்சு இருக்காது, துத்தநாகம் கலந்த ஸ்பிரே பெயிண்ட் ஹார்டுவேர் கடைல கெடைக்கும், அத அடிச்சிக்கிடுங்க. ஜிஐ சங்கிலிய வெல்டிங் வைக்கிறவர் பக்கத்துல நின்னு வேடிக்க பாக்காதீங்க, அந்த வெள்ளப் பொகைய சுவாசிச்சா காச்சல் வரும்.

சங்கிலி மேல டியூப் மாட்டுறது கேட்டோட பெயிண்ட காப்பாத்தும், சங்கிலிய காப்பாத்தாது. ரெண்டு முனையும் இறுக்கிக் கட்டினா உள்ள பூந்த தண்ணி மாசக்கணக்கா உள்ளயே கெடக்கும். மாட்டினா கொஞ்சம் லூசா, ஒரு முனை கீழ தொங்குற மாதிரி. அப்புறம், ஸ்டெயின்லெஸ் சங்கிலிய வாங்கி அதுல சாதா இரும்பு பூட்டு மாட்டுறவங்க உண்டு, ரெண்டு உலோகம் ஈரத்துல தொட்டுகிட்டு இருந்தா எளச்சது சீக்கிரம் போகும், இங்க எளச்சது பூட்டு.

கேள்வி: அண்ணே, ஆன்லைன்ல "முழு பித்தளை"னு போட்டு ஒரு பூட்டு வாங்கினேன். ரெண்டே மாசத்துல மஞ்சள் உரிஞ்சு உள்ள கறுப்பா தெரியுது. திருப்பி அனுப்ப நாள் முடிஞ்சிட்டுன்னு சொல்லுதாங்க. விட்டுரவா?

விடாதீங்க தங்கச்சி. மொதல்ல ஒரு காந்தத்த பூட்டோட ஒடம்புல வைங்க. பித்தளைல காந்தம் ஒட்டாது. ஒட்டுச்சுன்னா இரும்புக்கு மஞ்சள் முலாம், பேச்சே இல்ல. ஒட்டலன்னா அடிப்பக்கம் சாவியால லேசா கீறிப் பாருங்க, உள்ளயும் மஞ்சளா இருந்தா பித்தள, வெள்ளையா இருந்தா துத்தநாகக் கலவை. இந்த காந்த சோதன ஸ்டெயின்லெஸ்சுக்கு சரிப்படாது, 202னு ஒரு மட்டமான ஸ்டெயின்லெஸ்லயும் காந்தம் சரியா ஒட்டாது, அத வச்சு ஏமாந்துராதீங்க.

காந்தம் ஒட்டுறத ஒரு சின்ன வீடியோ, பில்லு, அந்த விளம்பரத்தோட ஸ்க்ரீன்ஷாட், மூணையும் எடுத்து வச்சுக்கோங்க. விளம்பரத்த மாத்திருவாங்க, ஸ்க்ரீன்ஷாட்ட மொதல்ல எடுங்க. 2020 மின்வணிக விதிகள்படி விளம்பரத்துல சொன்ன தன்மை இல்லாத பொருள திருப்பி எடுக்க மாட்டேன்னு விக்கிறவர் சொல்ல முடியாது. அந்த தளத்துல குறைதீர்க்கும் அலுவலர்னு ஒருத்தர் பேரு கட்டாயம் போட்ருக்கணும், அவருக்கு எழுதுங்க, 48 மணி நேரத்துல கெடச்சதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துல தீத்து வைக்கணும். நடக்கலன்னா 1915க்கு போன் போடுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண். பூட்டு வெலைக்கு கோர்ட்டு வரைக்கும் போகணுமான்னு யோசிப்பீங்க, ஆனா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் ரூபா வரைக்கும் உள்ள பொருளுக்கு கட்டணமே கெடையாது, ரெண்டு வருசத்துக்குள்ள போட்டா போதும். பெரும்பாலும் 1915லயே முடிஞ்சிரும்.

பக்கத்து கடைல வாங்குறவங்களும் பில்லு கேளுங்க. துண்டுச்சீட்டுல "பூட்டு 1"னு எழுதித் தந்தா "பித்தளை"னு சேத்து எழுதச் சொல்லுங்க. திண்டுக்கல் பூட்டு 2019ல புவிசார் குறியீடு வாங்கினது, வேலப்பாட்டப் பத்தி பேச்சில்ல, ஆனா அதுலயும் இரும்பு ஒடம்பும் இருக்கு பித்தள ஒடம்பும் இருக்கு, பேர மட்டும் கேட்டு வாங்காதீங்க.

கேள்வி: சேரன்மாதேவி. பம்புசெட்டு ரூம்ல ஒரம் மூட்டயும் வைப்போம், பக்கத்துலயே மாட்டுத்தொழுவம். நீங்க சொல்லுத மாதிரி நல்ல பித்தள பூட்டுதான் போட்டேன், துருவே இல்ல, ஆனா ஒடம்புல விரிசல் விழுந்துட்டு. இது என்ன கூத்து?

இந்த கேள்விக்கு நான் ரொம்ப சந்தோசப்பட்டேன், ஏன்னா இது நம்ம நாட்டுலயே கண்டுபிடிச்ச நோய். வெள்ளக்காரன் காலத்துல பட்டாளத்துக்காரங்க துப்பாக்கித் தோட்டாவ குதிர லாயத்துல வச்சிருந்தாங்க, மழக்காலம் வந்தா பித்தள ஒறை தானா விரிஞ்சு போகும், யாரும் தொட்டிருக்க மாட்டாங்க. மழ சீசன்ல வர்றதால இங்கிலீஷ்ல அதுக்கு சீசன் விரிசல்னே பேரு வச்சாங்க. குதிர மூத்திரத்துல இருந்து வர்ற அமோனியாதான் காரணம்னு 1921லதான் வெளக்கம் கெடச்சுது. பித்தளைக்கு அமோனியா ஆகாது, அதுவும் ஈரத்தோட சேந்தா.

ஒங்க ரூம்ல மாட்டு மூத்திரம் ஒரு பக்கம், ஈரம் பட்ட யூரியா இன்னொரு பக்கம், ரெண்டுலருந்தும் அமோனியா. இதுல பொட்டாஷ் மூட்ட வேற இருந்தா அது குளோரைடு, கடலுப்புக்கு சொந்தக்காரன், இரும்பயும் விடாது. அங்க மட்டும் பித்தள வேண்டாம், முழுக்க ஸ்டெயின்லெஸ் பூட்டு போடுங்க, ஒர மூட்டய பலக மேல ஏத்தி கதவுலருந்து தள்ளி வைங்க.

கேள்வி: திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் கடை. 2023 டிசம்பர் வெள்ளத்துல ஷட்டர் பூட்டெல்லாம் சேத்துல முங்கி, அப்ப அறுத்துதான் தெறந்தோம். இனிமே அப்பிடி வந்தா அறுக்காம தெறக்க வழி உண்டா?

அந்த 17, 18 தேதிய யாரு மறப்பா, காயல்பட்டணத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர்னு சொன்னப்ப நானே தப்பா அச்சடிச்சிட்டாங்கன்னுதான் நெனச்சேன்.

தண்ணி வடிஞ்ச ஒடனே, சேறு காயுறதுக்கு முன்ன வேலய ஆரம்பிக்கணும், அதுதான் முக்கியம். மொதல்ல நல்ல தண்ணிய பீச்சி சாவித்தொளைல உள்ள சேத்த கழுவுங்க, ஸ்பிரே பாட்டில் இருந்தா போதும். அப்புறம் மண்ணெண்ணெய்யோ டபிள்யூடி-40யோ தொளைலயும் கம்பி ஓட்டைலயும் விட்டு ஒரு இருவது நிமிசம் காத்திருங்க. சுத்தியல் கைப்பிடியால, மரப்பக்கத்தால, பூட்ட லேசா தட்டுங்க. சாவிய உள்ள விட்டு வெளிய எடுத்து தொடச்சு திருப்பி விட்டு, பையப் பைய. மொரண்டு பிடிச்சா குறடு வச்சு சாவிய திருக்காதீங்க, சாவி உள்ள முறிஞ்சா அப்புறம் ஆக்சா பிளேடுதான். ஸ்பிரே அடிச்ச பூட்டுல தீய காட்டுறவங்க இருக்காங்க, அது எரியிற சாமான், கடைய கொளுத்திராதீங்க.

தெறந்ததும் அப்பவே திருப்பி பூட்டாதீங்க. கம்பிய தெறந்து வச்சபடியே ஒரு நாள் வெயில்ல போட்டு, காஞ்ச பிறகு மிஷின் ஆயில் விடுங்க. ஷட்டர்லயே உள்ள பூட்டுக்கும் இதே வேலதான், அத மறந்துருவாங்க. புரட்டாசி கடைசில ஒருதரம், தை பொறந்ததும் ஒருதரம் எண்ணெய் விட்டு வச்சா பாதி தொந்தரவு வராது. அப்புறம் அண்ணாச்சி, இன்னொரு சாவிய கடைக்குள்ளயே கல்லாப்பெட்டில வச்சிருந்ததா எழுதியிருந்தீங்க, அத வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க.