வாசகர் கேள்வி–பதில்: தண்ணீர் நிறைய இருக்கு, பறவை எங்கே?

சென்னையின் தெற்கே இருக்கும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைப் பற்றிக் கேள்விகள் சேர்ந்துகொண்டே போகின்றன. அதனால் இந்த முறை அது மட்டும்தான். சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மழைக்கு அப்புறம் பள்ளிக்கரணை தளும்பி நின்றது. நல்ல கூட்டம் வந்திருக்கும் என்று பிள்ளைகளை அழைத்துப் போனேன், நாலைந்து கொக்குகள்தான் கண்ணில் பட்டன. இவ்வளவு தண்ணீர் இருந்தும் ஏன் வரவில்லை?
– வாசகி, மேடவாக்கம்

தண்ணீர் அவ்வளவு இருந்ததால்தான் வரவில்லை. வலசை வருகிறவற்றில் பெரும்பாலானவை நீந்தி மீன் பிடிக்கிறவை அல்ல, நின்று மேய்கிறவை. சின்ன உள்ளான் ஒன்றின் கால் நம் சுண்டுவிரல் உயரம்கூட இராது. அதற்குத் தண்ணீர் ஒரு விரற்கடை இருந்தால் போதும், அதற்கு மேல் போனால் அலகு சேற்றை எட்டாது. நெடுங்கால் உள்ளானுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ஊசிவால் வாத்து வாலை மேலே தூக்கித் தலைகீழாகக் கவிழ்ந்து அடியில் துழாவும், அதுவும் ஓர் அடி ஆழத்துக்குள்தான். நீங்கள் பார்த்த தளும்பல் இவை எதற்கும் உதவாது. இன்னொன்று, நல்ல மழை பெய்த வருடம் காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கம் உள்ள ஏரிகள் எல்லாம் நிறைந்திருக்கும், பறவைகள் அங்கங்கே பிரிந்து போய்விடும்.

ஜனவரிக்கு அப்புறம் போய்ப் பாருங்கள். மட்டம் இறங்க இறங்க ஓரத்தில் தினமும் புதுச் சேறு கொஞ்சம் வெளியே வரும், அதில் புழு, நத்தை, பூச்சி முட்டை என்று விருந்தே இருக்கும். வடக்கே திரும்பக் கிளம்பும் முன் உடம்பில் கொழுப்பேற்றிக்கொள்ள அவற்றுக்கு அது வேண்டும். பூநாரை வந்திருந்தால் அவசரப்படாமல் ஒன்றை மட்டும் கவனியுங்கள். காலால் சேற்றை மிதித்துக் கலக்கும், பிறகு தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழே வருகிற மாதிரி தண்ணீருக்குள் வைத்து, நாக்கால் நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் சீப்புப் பல் போல இருப்பதில் சின்ன உயிர்கள் தங்கிவிடும். அந்த இளஞ்சிவப்பும் இப்படித் தின்கிற தீனியிலிருந்து வருவதுதான்.

இதைச் சொல்லிவிட்டு இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எந்த நீர்நிலை என்றாலும் தூர் வாரி, ஆழப்படுத்தி, சுற்றிலும் கல் பதித்துக் கரை கட்டுவதுதான் சீரமைப்பு என்று நம் ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. பாசன ஏரிக்கு அது சரி. சதுப்பு நிலத்துக்கு அதையே செய்தால் ஓரத்துச் சாய்வு போய்விடும், சாய்வு போனால் சேறு போய்விடும், அப்புறம் அழகான நடைபாதையில் நின்று வெறும் தண்ணீரைப் பார்க்க வேண்டியதுதான். அங்கே தேவை வேறு: ஒக்கியம் மடுவு என்ற வடிகால் வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குத் தண்ணீர் தடையில்லாமல் வடிய வேண்டும், சாக்கடை உள்ளே வருவது நிற்க வேண்டும். கோடையில் இறங்க வேண்டிய மட்டத்தைச் சாக்கடை இறங்க விடாது, போதாக்குறைக்கு ஆகாயத் தாமரையையும் வளர்த்துவிடும்.

சதுப்பு நிலத்தின் ஊடாகப் போகிற ரேடியல் ரோட்டில் தினமும் பைக்கில் போகிறேன். குப்பை மேட்டின் மேல் வெள்ளைப் பறவைகள் கூட்டமாக உட்கார்ந்திருக்கின்றன. அந்த நாற்றத்தில் என்ன இருக்கிறது என்று வெளிநாட்டிலிருந்து வருகின்றன?
– வாசகர், கீழ்க்கட்டளை

நீங்கள் பார்ப்பது அநேகமாக உண்ணிக்கொக்கு, உள்ளூர்க்காரர்தான். ஈயும் பூச்சியும் கிடைக்கிற இடத்தில் இருக்கும், குப்பையென்று பார்க்காது. வெளியிலிருந்து வருகிறவை பழுப்பும் சாம்பலுமாக நீர்ப் பக்கம் இருக்கும், பைக்கில் போகிறவர் கண்ணில் படாது. தட்டைவாயன் வாத்துகள் சில சமயம் கூட்டமாக ஒரே இடத்தில் வட்டம் போட்டுச் சுற்றிக்கொண்டிருக்கும், ஒன்று கலக்கிவிட்டதை அடுத்தது வடிகட்டித் தின்னும். வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பார்க்க வேண்டிய காட்சி.

குப்பையைத் தேடி இவை வரவில்லை. தலைமுறை தலைமுறையாக வந்துபோகிற சதுப்பு நிலத்தில்தான் நாம் பெருங்குடிக் குப்பைக் கிடங்கைக் கொண்டுபோய் வைத்தோம். பயோமைனிங் செய்து, அதாவது தோண்டித் தரம் பிரித்து, பழைய குப்பையை அகற்றும் வேலை நடக்கிறது. அது முடிந்தாலும், இத்தனை வருடம் கசிந்த கறுப்பு நீர் மண்ணை விட்டு உடனே போய்விடாது.

பறவைகளுக்குப் பொரி, பிஸ்கட் போடலாமா?
– பள்ளி மாணவி, வேளச்சேரி

வேண்டாம் கண்ணு. நீ போடுவது காக்கைக்கும் தெரு நாய்க்கும்தான் போய்ச் சேரும், நாய் வந்தால் தரையில் முட்டையிடுகிற பறவைகளுக்கு ஆபத்து. ஒரு பைனாகுலர் கிடைத்தால் எடுத்துக்கொண்டு போ, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வெயில் உன் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி நின்றால் நிறம் நன்றாகத் தெரியும்.

சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் ஃபிளாட் பார்த்திருக்கிறோம். காப்புக்காட்டுக்கு வெளியேதான் இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் புரோக்கர். நம்பலாமா?
– வாசகர், பெரும்பாக்கம்

புரோக்கர் பொய் சொல்லவில்லை, பாதியை மட்டும் சொல்கிறார். 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சார் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது 1,247 ஹெக்டேருக்கும் மேல். காப்புக்காட்டுக்கு வெளியே என்றால் ராம்சார் எல்லைக்கும் வெளியே என்று ஆகிவிடாது. 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள்படி ஈரநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றக் கூடாது. வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடமும் கூடாது. 2025இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, எல்லையை அளந்து ஆய்வு முடியும்வரை ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் புதுக் கட்டுமானங்களுக்கு அனுமதி தரக் கூடாது என்று உத்தரவிட்டது. இது இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை வக்கீலிடம் கேளுங்கள்.

சட்டத்தை விடுங்கள், 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று பக்கத்து வீட்டுக்காரர்களிடம் விசாரித்தீர்களா? பில்டரிடம் கேட்காதீர்கள். சர்வே எண்ணை வாங்கி, கிராம வரைபடத்திலும் ஏ-பதிவேடு என்கிற கிராம நிலப் பதிவேட்டிலும் அந்த நிலம் என்னவென்று பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பட்டாவும் வில்லங்கச் சான்றும் மட்டும் இதைக் காட்டிக்கொடுக்காது. அட்வான்ஸ் கொடுப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.