பத்தாயிரம் ரூபாய்க்குள் ஹெட்ஃபோன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: பள்ளித் தலைமையாசிரியராக இருந்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். மாலையில் இரண்டு மணி நேரமாவது கச்சேரிப் பதிவுகளையும் பழைய திரைப்பாடல்களையும் நிம்மதியாகக் கேட்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. வீட்டில் இருப்பது ஒரே கூடம். அந்த நேரத்தில்தான் தொலைக்காட்சித் தொடர்களும் ஓடும். பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். ஆறாயிரத்துக்கு டாக்கும் (DAC) ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த பெட்டி ஒன்றையும், நான்காயிரத்துக்கு ஒரு ஹெட்ஃபோனையும் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். என் கைப்பேசியில் ஹெட்ஃபோன் துளை கிடையாது. அவர் சொல்வது சரியா? (கரூர் வாசகர்)

பதில்: கடைக்காரர் கணக்கைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார், ஐயா. பத்தாயிரத்தில் ஏழாயிரம் முதல் எட்டாயிரம் வரை ஹெட்ஃபோனுக்கே போக வேண்டும். ஆயிரம் ரூபாய் அளவில் ஒரு யுஎஸ்பி-சி அடாப்டர் போதும். மிச்சத்தைத் தொடாமல் வைத்திருங்கள். அதற்கும் ஒரு செலவு வரும்.

எண்களாகச் சேமிக்கப்பட்ட இசையை மின்னலையாக மாற்றுவதுதான் டாக்கின் வேலை. சுண்டுவிரல் நீளமுள்ள நல்ல அடாப்டர் ஒன்றுக்குள் இருக்கும் சில்லு அந்த வேலையைக் காதால் குறை காண முடியாத அளவுக்கு இன்று செய்துவிடுகிறது. அந்த மின்னலையைக் காற்றின் அசைவாக மாற்றும் கடினமான வேலை ஹெட்ஃபோனுடையது. ஒரே விலையுள்ள இரண்டு ஹெட்ஃபோன்களை மாற்றி மாற்றிக் கேட்டால், பாடகரின் குரல் ஒன்றில் மார்பிலிருந்தும் மற்றொன்றில் மூக்கிலிருந்தும் வருவதுபோல இருப்பதை இசைப் பயிற்சி இல்லாதவர்கூட உடனே கண்டுகொள்வார். இரண்டு டாக்குகளின் ஒலி அளவைச் சமமாக்கி, எது எது என்று சொல்லாமல் கேட்கவைத்தபோது அப்படிக் கண்டுகொண்ட ஒருவரை நான் இதுவரை சந்திக்கவில்லை.

அடுத்து, திறந்த வகையா மூடிய வகையா என்பது. திறந்த வகையில் காதுக்கு வெளிப்புறம் வலைபோல இருக்கும். உள்ளே பிறக்கும் ஒலி வெளியேயும் போகும், வெளி ஒலி உள்ளேயும் வரும். கச்சேரி அரங்கில் இருப்பதுபோன்ற விரிவு கிடைப்பதால் இசை ரசிகர்கள் பலரும் அதையே பரிந்துரைப்பார்கள். ஆனால் அந்தப் பரிந்துரைகளை எழுதுகிறவர்களின் வீட்டில், கூரையில் முழு வேகத்தில் சுற்றும் மின்விசிறி இருப்பதாகத் தெரியவில்லை. நம் ஊரில் ஆண்டில் பத்து மாதம் அதை நிறுத்த முடியாது. தம்புராவின் ரீங்காரத்தை முதலில் விழுங்குவது அந்த விசிறியின் இரைச்சல்தான். போதாக்குறைக்குத் தொலைக்காட்சித் தொடர் வேறு. ஆகவே உங்களுக்கு உரியது காதை முழுவதும் சூழ்ந்து மூடும் வகை. தனி அறையும் இரவின் அமைதியும் வாய்த்தவர்கள் மட்டும் திறந்த வகையைத் தேடலாம். பிலிப்ஸ் எஸ்எச்பி9500, சென்ஹைசர் எச்டி 560எஸ் போன்றவை அந்த வகையைச் சேர்ந்தவை.

மூடிய வகையிலும் ஒரு சிக்கல் உண்டு. காதைச் சுற்றி மெத்தை சரியாகப் படிந்து காற்று கசியாமல் இருந்தால்தான் தாழ்ந்த சுருதிகள் முழுமையாகக் கேட்கும். நீங்கள் மூக்குக்கண்ணாடி அணிபவராக இருந்தால், அதன் காம்பு மெத்தையைச் சற்றே தூக்கிவிடும். அந்த நூலிழை இடைவெளி வழியாகவே மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கம்) ஒலி கசிந்து போய்விடும். கண்ணாடியோடு ஒருமுறையும் கழற்றிவிட்டு ஒருமுறையும் போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். செயற்கைத் தோல் மெத்தை வியர்வையில் இரண்டு மூன்று கோடைக்குள் உரிந்து, கறுப்புப் பொருக்குகளைக் காதோரத்தில் ஒட்டவைக்கும். மிச்சம் வைக்கச் சொன்ன பணம் மாற்று மெத்தைக்குத்தான். எனவே, மெத்தை தனியாகக் கிடைக்கும் மாடலா என்பதை வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

பெயர் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் மூன்று சொல்வேன். ஆடியோ-டெக்னிக்காவின் ஏடிஎச்-எம்40எக்ஸ் 35 ஓம் மின்மறுப்பு (மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை) மட்டுமே கொண்டது. கைப்பேசி அடாப்டரே அதற்குப் போதும், கம்பியைக் கழற்றி மாற்றலாம், ஆனால் தலையைக் கொஞ்சம் இறுக்கும். ஏகேஜி கே361 அதைவிட இலகுவாக அமரும். சோனியின் எம்டிஆர்-7506 1991 முதல் ஒலிப்பதிவுக் கூடங்களில் புழங்கிவருவது. குரலைக் கூர்மையாகக் காட்டும். அந்தக் கூர்மையே பழைய திரைப்பாடல்களுக்கு இடைஞ்சலாகலாம், ஏனெனில் இசைத்தட்டின் கீறலும் நாடாவின் 'ஸ்ஸ்' ஓசையும் பாட்டுக்குச் சமமாக முன்னால் வந்து நிற்கும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதல் இரண்டில் எது தலைக்கு ஒத்துவருகிறதோ அதை எடுப்பேன். விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால், அவசரமில்லாவிட்டால் பண்டிகைக் காலத் தள்ளுபடிக்குக் காத்திருக்கலாம்.

கடையில் அவர்கள் ஓட்டிக்காட்டும் பாட்டைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். உங்களுக்கு மனப்பாடமான கச்சேரிப் பதிவு ஒன்றைக் கைப்பேசியில் எடுத்துச் செல்லுங்கள். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் கும்கி கொடுக்கும்போது அந்த இழுவை 'தொம்' என்று தொடங்கி மேலே வளைந்து ஏறுவது தெளிவாகத் தெரிகிறதா, அல்லது 'பூம்' என்ற ஒரே முட்டலாக மங்கிவிடுகிறதா என்று கவனியுங்கள். மலிவான ஹெட்ஃபோன்களில் தாழ்ந்த ஒலியை வேண்டுமென்றே தூக்கி வைத்திருப்பார்கள். அவற்றில் கும்கி பொங்கி வழிந்து பாடகரின் கீழ்ஸ்தாயியை மூடிவிடும். பிறகு ஆலாபனையில் பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் தம்புரா விடாமல் தொடர்வது கேட்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டிலும் தேறியதை இருபது நிமிடமாவது தலையில் வைத்திருங்கள். ஐந்து நிமிடத்தில் தெரியாத வலி இருபதாவது நிமிடத்தில் தெரியும்.

பழைய பாடல்களைக் கேட்கும்போது ஒலி முழுவதும் தலைக்கு நடுவே குவிந்து நிற்பதாகத் தோன்றினால் அது ஹெட்ஃபோனின் குறையல்ல. தமிழ்த் திரையிசையில் ஸ்டீரியோ 1970களின் இறுதியில்தான் வரத் தொடங்கியது. அதற்கு முந்தியவை மோனோ என்பதால் இரண்டு காதுக்கும் ஒரே ஒலிதான் போகும்.

அடாப்டர் வாங்கும்போது, உள்ளே டாக் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சில மலிவான அடாப்டர்களில் வெறும் கம்பி இணைப்பு மட்டுமே இருக்கும். அவை எல்லாக் கைப்பேசியிலும் வேலை செய்யாது. ஆப்பிளின் யுஎஸ்பி-சி அடாப்டர் நல்ல பொருள்தான் என்றாலும், சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அதன் ஒலி முழு அளவுக்கு எழும்புவதில்லை.

கேள்வி: விடுதியில் என் சீனியர் ஒருவர் பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ, 250 ஓம் ஹெட்ஃபோனைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கைப்பேசியில் போட்டால் ஒலி சன்னமாக இருக்கிறது. ஆம்ப்ளிஃபயர் வாங்கித்தான் ஆக வேண்டுமா? எவ்வளவு சக்தி போதும்? (பொறியியல் மாணவர், நாகர்கோவில்)

பதில்: பொறியியல் படிக்கிறீர்கள், சேர்ந்தே கணக்குப் போடுவோம். உங்கள் ஹெட்ஃபோனுக்கு 1 மில்லிவாட் கொடுத்தால் ஏறத்தாழ 96 டெசிபல் ஒலி எழும் என்பது தயாரிப்பாளர் தரும் அளவு. 250 ஓமில் 1 மில்லிவாட் பாய அரை வோல்ட் வேண்டும். வோல்ட்டை இரட்டித்து 1 வோல்ட் ஆக்கினால் சக்தி நான்கு மடங்காகி 4 மில்லிவாட் ஆகும். ஒலி 6 டெசிபல் கூடி 102 ஆகும். 2 வோல்ட்டில் 16 மில்லிவாட், 108 டெசிபல்.

நூறு டெசிபலுக்கு மேல் யார் கேட்கப்போகிறார்கள் என்று தோன்றும். நீங்கள் கேட்பது சராசரியாக 75 டெசிபலாக இருந்தாலும், தாள வாத்தியத்தின் ஒரு அடி அதைவிட 20 டெசிபல் உயர்ந்து ஒரு கணம் மின்னி மறையும். அந்தக் கணத்துக்கும் வோல்ட் மிச்சம் இருக்க வேண்டும். இன்றைய திரைப்பாடல்கள் முழு அளவை ஒட்டியே பதிவாகியிருப்பதால் அவற்றுக்கு 1 வோல்ட் தாராளம். சன்னமாகப் பதிவான நேரடிக் கச்சேரிகளுக்குத்தான் 2 வோல்ட் தேவைப்படும். ஆகவே 2 வோல்ட் தரும் சிறிய யுஎஸ்பி டாங்கிள் (முதல் பதிலில் சொன்ன டாக் உள்ள அடாப்டர் போன்றது) ஒன்று உங்களுக்குப் போதுமானது; மேசையில் வைக்கும் பெட்டிக்கு வேலையே இல்லை. விவரக்குறிப்பில் '32 ஓமில் இத்தனை மில்லிவாட்' என்று மட்டும் பெரிதாகப் போட்டிருந்தால் ஏமாறாதீர்கள். உங்களுக்கு வேண்டியது வோல்ட். அதே 2 வோல்ட்டை 32 ஓமில் கொடுத்தால் 125 மில்லிவாட் என்று வரும்; உங்கள் ஹெட்ஃபோனில் அது 16தான்.

கேள்வி: புது ஹெட்ஃபோனை நூறு மணி நேரம் ஓடவிட்ட பிறகுதான் அதன் உண்மையான ஒலி வெளிப்படும் என்கிறார்களே? (வேலூர் வாசகர்)

பதில்: மெத்தை கொஞ்சம் மென்மையாகிக் காதில் நன்றாகப் படியும், உங்கள் காதும் புது ஒலிக்குப் பழகும். அதற்கு மேல் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. நூறு மணி நேரம் காத்திருப்பவர்களுக்கு உறுதியாக நடப்பது ஒன்றுதான்: பொருளைத் திருப்பித் தரும் கெடு முடிந்துவிடும். முதல் வாரத்தில் பிடிக்காததைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: கம்பி இல்லாத புளூடூத் ஹெட்ஃபோனே போதாதா? கம்பி வைத்தது பழைய காலத்துப் பொருள் என்று என் மகள் சிரிக்கிறாள். (தஞ்சாவூர் வாசகி)

பதில்: அடுக்களைக்கும் முற்றத்துக்குமாக நடந்துகொண்டே கேட்பவர் என்றால் உங்கள் மகள் சொல்வதையே கேளுங்கள், அம்மா. குறுவட்டின் தரம் நொடிக்கு 1,411 கிலோபிட். புளூடூத்தில் உயர்ந்தவற்றுள் ஒன்றாகச் சொல்லப்படும் எல்டாக் (LDAC) முறை அதிகபட்சம் 990 கிலோபிட்தான் கடத்தும், பரவலாகப் புழங்கும் மற்றவை பெரும்பாலும் இன்னும் குறைவு. ஆனாலும் நல்ல சுருக்கமுறையில் அந்த வேறுபாட்டைக் காதால் பிடிப்பது அரிது என்பதால் இதை வைத்து நான் தடுக்க மாட்டேன். என் தயக்கம் மின்கலத்தைப் பற்றியது. அதே விலையில் ஒரு பங்கு கம்பியில்லா இணைப்புக்கான சில்லுக்கும் மின்கலத்துக்கும் போய்விடும். அந்த மின்கலம் சில ஆண்டுகளில் தளர்ந்ததும், பல மாடல்களில் அதை மாற்ற வழியில்லாமல் நல்ல ஹெட்ஃபோனையே தூக்கி வைக்க வேண்டியிருக்கும். கம்பி அறுந்தால் வேறு கம்பி போட்டுக்கொள்ளலாம். புளூடூத்தையே வாங்குவதானால், கம்பி போட்டும் கேட்க வசதியுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: மடிக்கணினியில் ஹெட்ஃபோன் போட்டால் 'ம்ம்' என்ற இரைச்சல் விடாமல் கேட்கிறது. ஹெட்ஃபோன் பழுதா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். இரைச்சல் நின்றால் ஹெட்ஃபோன் மேல் பழி இல்லை. என் வீட்டிலும் இதே தொல்லை இருந்தது. இரண்டு கம்பிகளை மாற்றிப் பார்த்து, ஒரு டாங்கிளும் வாங்கிய பிறகுதான், மடிக்கணினியின் உலோக மூடியைப் புறங்கையால் தடவும்போது லேசாக 'சுர்ர்' என்று இருப்பதைக் கவனித்தேன். மின்பணியாளரை வரவழைத்துச் சுவர்ப் பெட்டியைத் திறந்தால், மூன்று துளை இருந்ததே தவிர மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் கம்பியே கோக்கப்படவில்லை. அதை இணைத்ததும் இரைச்சலும் போயிற்று, சுருக்கும் போயிற்று. உங்கள் சார்ஜர் இரண்டு முள் உள்ளதாக இருந்தால், கேட்கும் நேரத்தில் மின்கலத்திலேயே ஓட்டுவது சுலபமான வழி. மூன்று முள் என்றால் சுவரைச் சோதியுங்கள். அது இசையைவிட உயிருக்கு அவசியம்.

கேள்வி: என் மகன் தினமும் மூன்று மணி நேரம் ஹெட்ஃபோனும் காதுமாக இருக்கிறான். கல்லூரி முதலாண்டு. காது கெட்டுவிடாதா? (சேலம் வாசகி)

பதில்: நேரத்தையும் ஒலி அளவையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வளர்ந்தவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 83 டெசிபலில் 20 மணி நேரம், 86இல் 10, 89இல் 5. உங்கள் மகன் வாரம் 21 மணி நேரம் கேட்கிறார். 80 டெசிபலுக்குள் கேட்டால் கவலையில்லை. 86ஐத் தொட்டால் மூன்றாவது நாளிலேயே அந்த வாரத்துப் பங்கு பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

வீட்டில் டெசிபல் அளப்பது எப்படி என்று கேட்பீர்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, அறை அமைதியாக இருக்கும்போது போதும் என்று தோன்றும் அளவுக்கு ஒலியை வைக்கச் சொல்லுங்கள். கைப்பேசியில் அது எத்தனையாவது கோடு என்று குறித்துக்கொள்ளட்டும். பிறகு விசிறியைப் போட்டதும் அவர் கை தானாகவே இரண்டு மூன்று கோடு மேலே போகும். பேருந்தில் இன்னும் மேலே போகும். இரைச்சலை வெல்லக் கூட்டும் அந்தக் கோடுகளில்தான் ஆபத்து இருக்கிறது. நன்றாக மூடும் ஹெட்ஃபோனாக இருந்தால் அமைதியில் குறித்த கோட்டை ஒட்டியே எங்கும் கேட்க முடியும். கேட்டு முடித்த பிறகு காதில் 'கீ' என்ற ரீங்காரம் இருப்பதாக அவர் எப்போதாவது சொன்னால் அன்றைக்கு அதோடு நிறுத்தச் சொல்லுங்கள். மறுநாளும் அது போகாவிட்டால் காது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.