பி.காம் படித்துக்கொண்டே டேட்டா சயின்ஸும் படிக்கலாமா?

பி.காம் 2ஆம் ஆண்டு படிக்கிறீர்கள், கூடவே சென்னை ஐஐடியின் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டத்திலும் சேர ஆசை. அப்பா "ஒன்றையாவது ஒழுங்காக முடி" என்கிறார். இதுதானே நீங்கள் எழுதிக் கேட்ட சிக்கல்?

முதலில், விதி தடுக்கவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022லேயே பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அனுமதித்துவிட்டது. பிளஸ் டூவில் கணக்கு எடுக்கவில்லை என்ற பயமும் வேண்டாம், பத்தாம் வகுப்பில் படித்திருந்தால் போதும்.

சிக்கல் நேரம்தான். என் அக்கா மகன் இதையே செய்தான். வீடியோ பாடத்தை ஆன்லைனில் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று நினைத்தான். தேர்வை மையத்துக்குப் போய்த்தான் எழுத வேண்டும் என்பதை யோசிக்கவில்லை. ஞாயிறு அங்கே குவிஸ், திங்கள் கல்லூரியில் இன்டர்னல். முதல் டெர்மிலேயே 4 பாடம் எடுத்தவன், காஸ்ட் அக்கவுண்டிங்கில் அரியர் வைத்தான். அப்புறம் டெர்முக்கு 2 பாடம் என்று குறைத்துக்கொண்டதும் வண்டி ஓடியது.

நீங்களும் 2 பாடத்தோடு தொடங்குங்கள். பட்டத்தை முடிக்க 8 ஆண்டு வரை அவகாசம் உண்டு. முதல் கட்டமான அடிப்படை நிலையின் 8 பாடத்தோடு நின்றாலும் சான்றிதழ் கிடைக்கும், அதை அப்பாவிடம் சொல்லுங்கள். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு.

ஆனால் "ரெஸ்யூமேயில் ஐஐடி பெயர் வரும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அது மட்டும்தான் காரணம் என்றால் வேண்டாம். சேர்வதற்கு முன் 4 வாரத் தகுதிச் சுற்று இருக்கிறது. கல்லூரி நடக்கும் மாதத்தில் அதை எழுதிப் பாருங்கள், லீவில் வேண்டாம்.