எடிட்டருக்குள் டெர்மினல்: கேள்வி பதில்

அறிவியல்நகர் மாணவர்: அண்ணை, கோட் எழுதுற எடிட்டர் ஒண்டு செய்யிறம். அதுக்குள்ளயே டெர்மினலும் (கட்டளை அடிக்கிற ஜன்னல்) இருக்கு. அதுக்குள்ள எஸ்கேப் அடிச்சா அது ஆருக்குப் போகவேணும்?

உள்ளே ஓடும் புரோகிராமுக்குத்தான் தம்பி. எடிட்டர் பிடித்து வைத்தால், உள்ளே விம் என்ற எடிட்டரைத் திறந்தவர் அதன் இன்சர்ட் நிலையிலிருந்து (எழுத்து அடிக்கும் நிலை) வெளியே வரமுடியாமல் தவிப்பார். ஆல்ட் விசைகளையும் டெர்மினல் எஸ்கேப்பை முன்னால் வைத்துத்தான் அனுப்புகிறது, அவையும் கெடும். எடிட்டர் தனக்கென ஒரேயொரு விசையை வைத்திருந்தால் போதும். 2018இல் வந்த விம் 8.1 கன்ட்ரோல்-டபிள்யூவை எடுத்துக்கொண்டது. பாஷ் என்ற ஷெல்லில் (நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராம்) அது முந்தைய சொல்லை அழிக்கும் விசை. கை பழகியவர்களுக்குப் பெரிய தொல்லை. விமிலிருந்து பிரிந்த நியோவிம் கன்ட்ரோல்-பேக்ஸ்லாஷ், பிறகு கன்ட்ரோல்-என் என்று கேட்கும். நீளம்தான், ஆனால் மோதாது. நான் இதைத்தான் சொல்வேன். எதை எடுத்தாலும் அதே விசையை உள்ளே அனுப்பவும் வழி வையுங்கள். விமில் கன்ட்ரோல்-டபிள்யூவுக்குப் பிறகு புள்ளி அடித்தால் அந்த கன்ட்ரோல்-டபிள்யூ ஷெல்லுக்குப் போகும்.

வவுனியா: டெர்மினலில பில்ட் (கோடைப் புரோகிராமாக்கிற வேலை) ஓடேக்க மேல ஏறிப் பிழையை வாசிக்க விடுதில்லை. கீழ இழுத்துக்கொண்டே போகுது.

கர்சர் கடைசி வரியில் நின்றால் மட்டும் பின்தொடருங்கள். ஒரு வரி மேலே ஏறியதும் நிறுத்துங்கள்.

மாங்குளம்: ஜன்னலைப் பிரிச்சா வரியெல்லாம் உடைஞ்சு வருது.

அகலத்தைப் பிழையாகச் சொல்கிறீர்கள். 80 நிரல் (ஒரு நிரல் ஓர் எழுத்துக்கான இடம்) அகல ஜன்னலில் வரி எண் பட்டைக்கு 4 போனால், பிடிஒய்க்கு (எடிட்டரையும் உள்ளே ஓடும் புரோகிராமையும் இணைக்கும் போலி டெர்மினல்) 76 என்றுதான் சொல்லவேண்டும். அளவு மாறியதும் கேர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) சிக்விஞ்ச் என்ற 'அளவு மாறியது' சமிக்ஞையை அனுப்பும், புரோகிராம் திரும்ப வரையும். எல்லையை இழுக்கும்போது ஒவ்வொரு அசைவுக்கும் சொல்லாமல், கை நின்றபின் ஒரு தடவை சொல்லுங்கள்.

முல்லைத்தீவு: 'கொக்கிளாய்' எண்டு ஃபோல்டர் பெயர் அடிச்சா கர்சர் தள்ளி நிக்குது அண்ணை.

இதுதான் நம்மவர்கள் கட்டாயம் சோதிக்கவேண்டியது, தங்கச்சி. அந்தப் பெயரில் 10 யூனிகோட் குறிகள் (மெய், உயிர்க்குறி, புள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒன்று). இரண்டு புள்ளிகளுக்கும் அகலம் 0. கொ, கி, ளா மூன்றின் உயிர்க்குறிகளைத் தலா 1 என்று எண்ணினால் மொத்தம் 8 நிரல். 0 என்று எண்ணினால் 5. ஷெல் ஒன்றையும் எடிட்டர் மற்றதையும் எடுத்தால் கர்சர் 3 நிரல் விலகும். பேக்ஸ்பேஸ் அடித்தால் பிராம்ப்டையே (வரியின் தொடக்கத்தில் ஷெல் காட்டும் குறி) தின்னும். எழுத்துருவை அளக்கவேண்டாம், ஷெல் பாவிக்கும் அகல அட்டவணையையே எடிட்டரிலும் வையுங்கள்.

துணுக்காய்: ஜன்னலை மூடினா உள்ள ஓடுற சேர்வரும் நிக்கவேணுமே?

வேண்டாம், மறைத்தால் போதும். எடிட்டரையே மூடும்போது, எது ஓடுகிறதென்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.