காசிக்குப் போகிற 10 நாளும் கோழிகளை யார் பார்ப்பது?

கேள்வி: பெருந்துறைக்குப் பக்கத்தில் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். 8 நாட்டுக்கோழி, 1 சேவல் இருக்கின்றன. ஐப்பசியில் 10 நாள் காசிக்குப் போகிறோம். தானாகத் திறந்து மூடும் கதவும் பெரிய தீனிக் குடுவையும் ஆன்லைனில் வாங்கி மாட்டிவிட்டால் ஆளே வேண்டாம் என்கிறான் மகன். கோழிகளைச் சொந்தக்காரரான நங்கையா வீட்டில் கொண்டுபோய் விடலாம் என்கிறார் மாமியார். எதைச் செய்வது?

பதில்: இரண்டுமே வேண்டாமுங்க. அந்தப் பணத்தைக் காலையிலும் பொழுதோடவும் வந்து பார்க்கிற ஓர் ஆளுக்குக் கொடுங்கள்.

அந்தக் கதவு நேரம் பார்த்தோ வெளிச்சம் பார்த்தோ மூடிக்கொள்ளும், ஆனால் உள்ளே எத்தனை கோழி வந்தது என்று எண்ணாது. வேலியோரம் மேய்ந்துகொண்டு கொஞ்சம் தாமதமாக வரும் கோழி வெளியே மாட்டிக்கொண்டால் விடிவதற்குள் மரநாய்க்கோ தெருநாய்க்கோ இரையாகிவிடும். ஆள் என்றால் ஒன்பதையும் எண்ணிவிட்டுத்தான் தாழ்ப்பாள் போடுவார். கோழி அடைக்க இருக்கிற கொடாப்பைப் பலப்படுத்தக் கொஞ்சம் செலவழியுங்கள், அது வீண் இல்லை. சாதாரண கோழிவலையை நாய் பிய்த்துவிடும், அதனால் அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் என்கிற பற்றவைத்த கம்பி வலையை வாங்கி, கீரி மண்ணைப் பறித்து உள்ளே வராதபடி அடியில் ஒரு அடி ஆழத்துக்குப் புதையுங்கள்.

10 நாள் தீனியை ஒட்டுக்கா கொட்டி வைக்கவே கூடாது. ஐப்பசி மழை ஈரத்தில் தீனி பூஞ்சணம் பிடிக்கும், அதைத் தின்றால் கோழிக்கு ஈரல் கெட்டுப்போகும். எலியும் வரும், உங்கள் பக்கம் மயிலுக்கும் பஞ்சமில்லை. ஒரு கோழிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 100 முதல் 120 கிராம் என்றால் ஒன்பதுக்கும் நாளுக்கு ஒரு கிலோதான், நாளுக்கு ஒரு பை என்று பத்துப் பைகளில் கட்டி வைத்துவிட்டால் பார்க்க வருபவருக்கும் குழப்பம் இருக்காது.

தண்ணீரை மட்டும் இரண்டு குடுவையில் வைக்கச் சொல்லுங்கள். போன சித்திரையில் ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் வெளியூர் போனபோது ஒரே போசியில் தண்ணி வைத்துவிட்டுப் போனேன், சேவல் அதைக் கவிழ்த்துவிட்டது. திரும்பி வந்தபோது இரண்டு கோழி இறக்கையை விரித்து, வாயைப் பிளந்து கிடந்தன, ஒன்று பிழைக்கவில்லை. இன்றைக்கும் மனசு கேட்கவில்லை.

நங்கையா வீட்டு யோசனை அன்பானதுதான், ஆனால் அங்கே வேறு கோழிகள் இருந்தால் கொத்துச்சண்டை நிச்சயம், இரண்டு சேவல் சேர்ந்தால் ரத்தம்தான். அதைவிடப் பயம் வெள்ளைக்கழிச்சல் என்கிற தொற்றுநோய். பார்க்க நன்றாக இருக்கும் கோழி கூட அதைச் சுமந்து வரும், வந்தால் மருந்து கிடையாது, தடுப்பூசி ஒன்றுதான் வழி. போட்டு நாளாகியிருந்தால் பயணத்துக்கு மூன்று வாரம் முன்னாலேயே கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுவிடுங்கள். பார்த்துக்கொள்ள வருபவர் வீட்டிலும் கோழி இருந்தால் உங்கள் கூட்டுக்கென்று தனியாக ஒரு செருப்பு வையுங்கள்.

கூலியைப் பற்றித் தயங்காமல் முதலிலேயே பேசிவிடுங்கள். "பக்கத்து வீட்டு அம்மிணிதானே, முட்டையை எடுத்துக்கட்டும்" என்று விட்டால் நான்காம் நாளே பொழுதோட வருவது நின்றுபோகும். முட்டையும் அவருக்கே, காசும் தனியாக, பாதி முன்பணம் என்று பேசுங்கள். ஒரு கோழி செத்தாலோ சுணங்கினாலோ மறைக்காமல் உடனே போன் செய்யச் சொல்லுங்கள், பழி அவர் மேல் வராது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். கிளம்புவதற்கு முன் ஒரு நாள், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே எல்லா வேலையையும் அவரையே செய்யவிட்டுப் பாருங்கள்.

அப்புறம், இப்போது எந்தக் கோழியையும் அடை வைக்காதீர்கள். 21 நாள் கணக்கில் குஞ்சு பொரிப்பது நீங்கள் காசியில் இருக்கும்போது வந்துவிட்டால், அந்தப் பாடு வேறு ஆளால் ஆகாது.