பயன்படுத்திய ஆண்கள் ஆடைகளை இணையத்தில் விற்பது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பயன்படுத்திய கோட், சூட், பேன்ட் ஆகியவற்றை இணையத்தில் விற்கத் தொடங்கி ஓராண்டு ஆகிறது. நானே விலை கொடுத்து வாங்கியவையும் உண்டு. விற்றுத் தரும்படி பிறர் ஒப்படைத்தவையும் உண்டு. லேபிளில் 40 என்று இருந்தால் 40 என்றே குறிப்பிடுகிறேன். அப்படியிருந்தும் மூன்றில் ஒரு பங்கு, அளவு பொருந்தவில்லை என்று திரும்பி வந்துவிடுகிறது. அனுப்பும் செலவிலேயே லாபம் கரைகிறது. எங்கே தவறுகிறேன்?

பதில்: லேபிளை நம்பியதில்தான் தவறியிருக்கிறீர்கள். கோட்டில் இருக்கும் 40 என்ற எண், அதை அணிபவரின் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் சொல்வது. கோட்டின் அளவைச் சொல்வது அன்று. எந்தக் கோட்டும் உடம்பைவிடச் சில அங்குலம் கூடுதலாகத்தான் வெட்டப்படும். அந்தக் கூடுதல் எவ்வளவு என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும். அதே உடம்புக்கு ஐரோப்பிய லேபிள் 50 என்று சொல்லும். பேன்ட்டில் குழப்பம் இன்னும் அதிகம். இடுப்பு 34 என்று அச்சிட்ட பேன்ட்டில் டேப்பை வைத்தால் 36 காட்டுவது அன்றாடம் காண்பதுதான். இவை போதாதென்று, பழைய ஆடை நம் கைக்கு வரும் முன்பே ஒருமுறையாவது தையற்கடைக்குப் போய் வந்திருக்கும். முதல் உரிமையாளருக்காகக் கையைக் குறைத்திருப்பார்கள், இடுப்பைப் பிடித்திருப்பார்கள். லேபிள் மட்டும் பழையபடியே இருக்கும்.

எனவே லேபிள் எண்ணை ஒரு தகவலாக மட்டும் தந்துவிட்டு, ஆடையையே அளந்து எழுதுங்கள். கோட்டின் பட்டன்களைப் போட்டு, சமதளத்தில் சுருக்கமில்லாமல் விரித்து, இழுக்காமல் அளக்க வேண்டும். ஓர் அக்குள் தையலிலிருந்து மறு அக்குள் தையல் வரை மார்பு. முதுகுப் பக்கம் ஒரு தோள் தையலிலிருந்து மறு தோள் தையல் வரை தோள். தோள் தையலிலிருந்து கை ஓரம் வரை கை நீளம். பின்புறம் காலரின் அடித் தையலிலிருந்து கீழ் ஓரம் வரை உயரம். இந்த நான்கும் இல்லாமல் எந்தக் கோட்டையும் விற்பனைக்கு ஏற்றாதீர்கள். தோளில் தையலே இல்லாமல் கழுத்திலிருந்தே கை இறங்கும் வெட்டாக இருந்தால், காலரின் நடுவிலிருந்து கை ஓரம் வரை அளந்து, அப்படி அளந்திருப்பதையும் எழுதிவிடுங்கள். பேன்ட்டுக்கு இடுப்பு, தொடை, உள்கால் நீளம், பாட்டம் ஆகியவற்றோடு, கவட்டைத் தையலிலிருந்து இடுப்புப் பட்டியின் மேல் ஓரம் வரையுள்ள உயரமும் கட்டாயம் வேண்டும். பேன்ட் வயிற்றில் எங்கே உட்காரும் என்பதை அந்த ஓர் அளவுதான் சொல்லும். பெரும்பாலான விற்பனையாளர்கள் விட்டுவிடுவதும் அதைத்தான்.

விரித்து அளக்கும்போது அரை அங்குலம் பிசகினால் சுற்றளவில் ஓர் அங்குலம் பிசகும் என்பதை மறக்க வேண்டாம். நான் ஒவ்வோர் ஆடையையும் இருமுறை அளப்பேன். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாம் முறையும் அளப்பேன்.

இன்னும் இரண்டு விவரங்கள் திரும்பி வருவதை வெகுவாகக் குறைக்கும். கை ஓரத்திலும் பேன்ட் பாட்டத்திலும் உள்ளே எவ்வளவு துணி மடித்து விடப்பட்டிருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். ஓர் அங்குலம் நீட்ட முடியும் என்று தெரிந்தால் வாங்குபவர் தம் தையற்காரரை நம்பி வாங்குவார். கோட்டின் கையில் உண்மையிலேயே திறந்து மூடும் காஜா இருந்தால், அந்த முனையில் கையைக் குறைப்பது எளிதன்று என்பதையும் தெரிவித்துவிடுங்கள். வாங்க நினைப்பவர் உங்களிடம் தம் உடம்பின் அளவைச் சொன்னால், தமக்கு நன்றாகப் பொருந்தும் ஒரு கோட்டை எடுத்து இதே முறையில் அளந்து உங்கள் அளவுகளோடு ஒப்பிடும்படி சொல்லுங்கள். ஆடையோடு ஆடையை ஒப்பிடும்போதுதான் தவறு நேராது.

கேள்வி: சிறு குறைகளையெல்லாம் எழுதினால் விலை விழுந்துவிடுகிறது. பழைய ஆடை என்று தெரிந்துதானே வாங்குகிறார்கள்? 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதினால் போதாதா?

பதில்: போதாது. கடையில் வாங்குபவருக்குத் தொட்டுப் பார்க்கக் கை இருக்கிறது, முகர்ந்து பார்க்க மூக்கு இருக்கிறது. இணையத்தில் வாங்குபவருக்கு இவ்விரண்டுக்கும் பதிலாக உங்கள் எழுத்து மட்டுமே இருக்கிறது. 'நல்ல நிலை' என்பது உங்கள் கருத்து. 'இடது கஃப் ஓரம் அரை அங்குல நீளத்துக்கு நைந்திருக்கிறது' என்பது தகவல். அவர் பணம் கொடுப்பது தகவலை நம்பித்தான்.

என் அனுபவம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஒருமுறை ட்வீட் என்ற தடித்த கம்பளித் துணியில் தைத்த பழுப்பு நிறக் கோட் ஒன்றை விற்றேன். வெளிப்பக்கத்தில் ஒரு மாசும் இல்லை. காலரை நிமிர்த்தி அதன் அடிப்பக்கத்தை நான் பார்க்கவில்லை. அங்கே குண்டூசித் தலை அளவில் மூன்று ஓட்டைகள் இருந்தன. அவற்றின் ஓரத்தில் வெண்மையான நூலாம்படை போன்ற ஒன்று ஒட்டியிருந்தது. அந்துப்பூச்சியின் புழு விட்டுச் சென்றது அது. வாங்கியவர் கோட்டைத் தம் அலமாரியில் தொங்கவிட்டார். சில மாதங்களில் அங்கிருந்த வேறு கம்பளி ஆடைகளிலும் ஓட்டை விழுந்துவிட்டதாகப் படங்களோடு எழுதினார். பணத்தைத் திருப்பித் தந்தேன், மற்ற ஆடைகளுக்கும் ஈடு கொடுத்தேன். அவற்றில் ஒன்று அவர் வீட்டார் கையால் பின்னிய ஸ்வெட்டர். அதற்கு எதை ஈடாகக் கொடுப்பது?

அன்றிலிருந்து கம்பளி ஆடை எதுவாயினும் முதலில் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டு, பிறகு காலரின் அடி, மார்பில் மடிந்து விழும் லேபலின் பின்புறம், பாக்கெட் மூடிகள், பேன்ட்டின் மடிப்பு என்று வெளிச்சமும் அசைவும் படாத இடங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிறேன். துணியைத் தின்பது பறக்கும் பூச்சி அன்று, அதன் புழு. கம்பளி, காஷ்மீர் என்ற மெல்லிய ஆட்டு ரோமம், மென்மயிர் ஆகியவற்றில் உள்ள கெரட்டின் என்ற புரதம்தான் அதன் உணவு. புதிதாக வந்த ஆடையை மற்றவற்றோடு சேர்க்கும் முன் பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, கழித்தல் 18 டிகிரி செல்சியஸ் குளிரில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் சாகும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகே பிரிக்க வேண்டும். இல்லையேல் குளிர்ந்த துணியின் மேல் ஈரம் படிந்துவிடும்.

மற்றக் குறைகளையும் இதே கண்ணோடு தேடுங்கள். அக்குள் லைனிங்கில் வியர்வைக் கறை, பேன்ட்டின் சீட்டில் தேய்ந்த பளபளப்பு, காலர் மடியும் விளிம்பில் நைவு, கோட்டின் முன்பக்கத்தில் சிறு கொப்புளங்கள். இந்தக் கொப்புளம் எதனால் வருகிறது என்பதை விற்பவர் அறிந்திருக்க வேண்டும். விலை குறைந்த கோட்டுகளில் முன்துணிக்கு உள்ளே விறைப்புத் துணியைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். பல முறை டிரை கிளீனிங் போய் வந்தபின் பசை சில இடங்களில் விட்டுவிடும். பசையால் ஒட்டாமல், கேன்வாஸ் என்ற விறைப்புத் துணியைத் தைத்து வைத்த கோட்டில் இது வராது. கடைசிப் பட்டனுக்கு அருகே முன்துணியையும் உட்துணியையும் இரு விரல்களால் பிடித்து மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே மூன்றாவது துணி ஒன்று தனியாக நழுவினால் அது கேன்வாஸ் வைத்த கோட். கொப்புளம் விழுந்த கோட்டைச் சரிசெய்வது பெரும்பாலும் இயலாத காரியம் என்பதால் அதை மறைப்பது மற்றக் குறைகளை மறைப்பதைவிடப் பெரிய தவறு.

குறையைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் டேப்பை வைத்து எடுங்கள். கருநீலத்தையும் கறுப்பையும் பகல் வெளிச்சத்தில் மட்டுமே எடுங்கள். வாடை இருந்தால் இருக்கிறது என்று எழுதுங்கள். விலை சற்று இறங்கத்தான் செய்யும். அந்த ஆடைக்கு உரிய விலையே அதுதான்.

கேள்வி: என் தந்தை காலமான பின் அவருடைய ஆறு சூட்டுகளையும் நான்கு ஜோடித் தோல் காலணிகளையும் இணையத்தில் விற்றுத் தரும் ஒருவரிடம் ஒப்படைத்தேன். விற்றதும் பாதிப் பணம் தருவதாகச் சொன்னார். எட்டு மாதங்கள் ஆகிவிட்டன. மூன்று சூட்டுகள் விற்றுவிட்டதை அவருடைய பக்கத்திலேயே பார்த்தேன். கேட்டால் 'கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்' என்கிறார். எழுத்தில் எதுவும் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது. தந்தையின் ஆடைகள் என்பதால் அது பண வருத்தம் மட்டுமன்று. முதலில் ஒன்றைத் தெளிவாக மனத்தில் கொள்ளுங்கள். ஒப்படைத்து விற்கும் முறையில், ஆடை விற்கும் வரை அது உங்களுடையது. விற்றபின், அவருடைய பங்கு போக மீதிப் பணமும் உங்களுடையதே. அது அவரிடம் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் சலுகை எதுவும் கேட்கவில்லை. உங்கள் பொருளுக்குக் கணக்குக் கேட்கிறீர்கள்.

இன்றே அவருடைய பக்கத்தில் உங்கள் ஆடைகள் இடம்பெற்ற பகுதிகளை, விலையும் 'விற்கப்பட்டது' என்ற குறிப்பும் தேதியும் தெரியும்படி படம் பிடித்து வையுங்கள். அவருடன் நடந்த செய்திப் பரிமாற்றங்களையும் அழிக்காமல் வையுங்கள். தனி ஒப்பந்தத்தாள் இல்லாத இடத்தில் 'பாதி தருகிறேன்' என்ற ஒரு வரிச் செய்தியே ஒப்பந்தத்துக்குச் சான்றாகும். பிறகு எழுத்தில் மூன்று கேளுங்கள்: எவை எப்போது என்ன விலைக்கு விற்றன என்ற பட்டியல், அவற்றுக்கான பணம், விற்காதவற்றை இன்ன தேதிக்குள் திருப்பித் தருதல். இரண்டு வாரக் கெடு நியாயமானது. கெடு கடந்தால், அவர் விற்கும் இணையச் சந்தைக்கும், உங்கள் பகுதியில் நுகர்வோர் புகார்களையோ சிறு தொகை வழக்குகளையோ விசாரிக்கும் அமைப்புக்கும் இதே ஆவணங்களோடு போகலாம். விற்காத சூட்டுகளையும் காலணிகளையும் முதலில் மீட்டெடுப்பதில் குறியாக இருங்கள். பொருள் கைக்கு வந்துவிட்டால் வழக்கு பணத்தைப் பற்றியதாக மட்டும் சுருங்கிவிடும்.

இதே பத்தியைப் படிக்கும் விற்பனையாளர்களுக்கும் சொல்கிறேன். ஒப்படைத்தவரின் பணத்தைச் சரக்கு வாங்கப் புரட்டுவதில்தான் இந்தத் தொழில் பல இடங்களில் சீர்கெடுகிறது. அந்தப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆடை கைக்கு வந்த அன்றே ஒவ்வொன்றுக்கும் எண் இட்டு, நிலையை எழுதி, படங்களோடு பட்டியலை உரிமையாளருக்கு அனுப்புங்கள். 'பாதி' என்று சொன்னால் எதில் பாதி என்று சொல்லுங்கள். ஓர் ஆடை 100க்கு விற்று, இணையச் சந்தையின் கட்டணம் 10, அனுப்பும் செலவு 8 என்று வைத்துக்கொள்வோம். விற்ற விலையில் பாதி என்றால் உரிமையாளருக்கு 50. செலவு போன பின் பாதி என்றால் 41. இரண்டும் நேர்மையான ஏற்பாடுகளே. எது என்று முன்பே சொல்லாமல் விடுவதுதான் நேர்மையன்று. எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், அதற்குள் எப்போது எவ்வளவு விலையைக் குறைக்கலாம், எந்த விலைக்குக் கீழே கேட்காமல் விற்கக் கூடாது, தீயாலோ திருட்டாலோ தொலைந்தால் யார் பொறுப்பு, விற்காததைத் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது, வாங்கியவர் திருப்பித் தரும் கெடு முடிந்து எத்தனை நாளில் பணம் போகும் ஆகியவையும் அந்த ஒரு தாளில் இருக்க வேண்டும்.

கேள்வி: 'சூப்பர் 150' என்று லேபிள் உள்ள சூட் ஒன்று கிடைத்திருக்கிறது. 'சூப்பர் 100' உள்ளதைவிட அதிக விலை கேட்கலாமா?

பதில்: அந்த எண் கம்பளி இழை எவ்வளவு மெல்லியது என்பதைச் சொல்கிறது. சூப்பர் 100 என்றால் இழையின் சராசரி விட்டம் 18.75 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மிகாது. சூப்பர் 150 என்றால் 16.25 மைக்ரானுக்கு மிகாது. இழை மெலிய மெலியத் துணி மென்மையாகும். நீடித்து உழைப்பது குறையும், எளிதில் கசங்கும். புதிய சூட்டுக்கு அது பெருமையாக இருக்கலாம். பயன்படுத்திய சூட்டில் தொடை, கவட்டை, முழங்கை ஆகிய இடங்களில் துணி தேய்ந்து மெலிந்திருக்கிறதா என்று பார்த்த பின்பே விலையை முடிவு செய்யுங்கள். தேயாத சூப்பர் 100, தேய்ந்த சூப்பர் 150ஐவிட மதிப்புள்ளது.

கேள்வி: பயன்படுத்திய பொருளைத் திருப்பி வாங்க மாட்டேன் என்று அறிவித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

பதில்: தீராது. நீங்கள் எழுதியதற்கும் அனுப்பியதற்கும் வேறுபாடு இருந்தால் அந்த அறிவிப்பு உங்களைப் பெரும்பாலும் காப்பாற்றாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வணிகரிடம் இணையத்தில் வாங்கியவர், காரணம் சொல்லாமலே 14 நாட்களுக்குள் திருப்பலாம். பொருள் பழையது என்பதால் அந்த உரிமை போய்விடாது. வேறு நாட்டுக்கு விற்றால் அந்த நாட்டு விதியையும் படித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஹாரிஸ் ட்வீட் என்ற லேபிள் ஒட்டிய கோட் ஒன்றை ஒருவர் ஒப்படைத்திருக்கிறார். அது அசல்தானா என்று எப்படி அறிவது?

பதில்: ஹாரிஸ் ட்வீட் என்ற பெயருக்கு 1993ஆம் ஆண்டு முதல் பிரிட்டனில் தனிச் சட்டமே இருக்கிறது. ஸ்காட்லாந்தின் வெளி ஹெப்ரிடிஸ் தீவுகளில், அங்கே வசிப்பவர்கள் தங்கள் வீட்டிலேயே கையால் நெய்த தூய கம்பளித் துணிக்கு மட்டுமே அந்தப் பெயர் உரியது. உருண்டையின் மேல் சிலுவை அமைந்த முத்திரை லேபிளில் இருக்கும். ஆனால் லேபிளை ஒரு கோட்டிலிருந்து பிரித்து இன்னொன்றில் தைப்பது ஐந்து நிமிட வேலை. லேபிளைச் சுற்றிய தையலைப் பாருங்கள்: நூலின் நிறம் மற்ற உள் தையலோடு ஒத்திருக்கிறதா, பழைய ஊசித் துளைகள் பக்கத்தில் தெரிகின்றனவா, துணியைத் தடவினால் சற்றுச் சொரசொரப்பாக இருக்கிறதா, நெருங்கிப் பார்த்தால் ஒரே நூலில் பல நிறங்கள் கலந்து தெரிகின்றனவா என்று கவனியுங்கள். இவ்வளவுக்குப் பின்னும் ஐயம் நீங்காவிட்டால் லேபிளின் பெயரைத் தலைப்பில் போடாதீர்கள். 'ட்வீட் கோட்' என்று எழுதி, லேபிளின் படத்தையும் தையலின் படத்தையும் அருகில் வைத்து, ஐயம் எதில் என்பதைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்க ஒப்படைத்தவரிடம் ஒப்புதல் கேளுங்கள். அவர் மறுத்தால் கோட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.